சி டிரைவ் நிரம்பினால்: நிரல்களும் கோப்புகளும் சேரும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸ் 11 இருக்கும் 120 ஜிபி எஸ்எஸ்டி சி டிரைவாகவும், ஏறக்குறைய காலியாகக் கிடந்த 1 டிபி ஹார்டு டிஸ்க் டி டிரைவாகவும் இருக்கின்றன. காவடித் திருவிழா வீடியோக்களும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஒலிப்பதிவுகளும் தாமாகவே சி டிரைவில் சேர்ந்துகொண்டே வந்ததால், ஒரு நாள் விண்டோஸ் அப்டேட்டுக்குக்கூட இடமில்லாமல் போயிற்று. அதைச் சரிசெய்தபோது நான் பின்பற்றிய முறையையும், இடையில் செய்த ஒரு பெரும் பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தை எது அடைத்திருக்கிறது என்று பாருங்கள். எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் நிரல்களில், வின்டிர்ஸ்டாட்டைவிட விஸ்ட்ரீயையே நான் விரும்புகிறேன். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வடிவம்) டிரைவின் கோப்பு அட்டவணையை அது நேரடியாகப் படித்துவிடுவதால் சில நொடிகளில் முடிவு தெரிந்துவிடும்.

அடுத்து செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ் என்று சென்று, 'வேர் நியூ கன்டென்ட் இஸ் சேவ்டு' என்பதைத் திறந்து, புதிய செயலிகளுக்கான இடமாக டி டிரைவைத் தேர்ந்தெடுத்து அப்ளை பொத்தானை அழுத்துங்கள். இது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இனி வரும் செயலிகளுக்கு மட்டுமே பொருந்தும். பழையவை இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றுள் சிலவற்றை மட்டும், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் மூன்று புள்ளிகளை அழுத்தினால் வரும் மூவ் கட்டளையால் நகர்த்தலாம். டி டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவில் இல்லையென்றால் செயலிகளை அங்கே வைக்க முடியாது.

இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் சாதாரண நிரல்கள் இந்த அமைப்பைப் பொருட்படுத்துவதில்லை. நிறுவும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போகாமல் கஸ்டம் என்ற வழியைத் தேர்ந்தெடுத்து, பிரவுஸ் மூலம் இடத்தைக் காட்ட வேண்டும். குரோம் போன்ற சில நிரல்கள் இடத்தைக் கேட்பதே இல்லை, அவற்றைச் சி டிரைவிலேயே விட்டுவிடுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'புரோகிராம்ஃபைல்ஸ்டிர்' என்ற மதிப்பை மாற்றினால் எல்லாம் டி டிரைவுக்குப் போய்விடும் என்று பலர் சொல்வார்கள், ஆனால் அந்த மாற்றத்தைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தெரிவித்திருப்பதால் நான் அதைத் தொடவில்லை. ஏற்கெனவே நிறுவிய நிரலின் கோப்புறையை வெட்டி டி டிரைவில் ஒட்டுவதும் பயன் தராது. நிரலை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவதே நேர்வழி.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். டாக்குமெண்ட்ஸ் கோப்புறையின் மீது வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பக்கத்துக்குச் சென்று மூவ் அழுத்தியதும், எந்த இடம் என்று கேட்டது. நான் டி டிரைவையே தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிட்டேன். அதற்குள் ஒரு கோப்புறையை உருவாக்கி அதைக் காட்டியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. விளைவாக டி டிரைவ் முழுவதுமே டாக்குமெண்ட்ஸாக மாறிவிட்டது. திருத்தலாம் என்று மீண்டும் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் டிரைவின் விவரங்கள்தாம் வந்தன, லொகேஷன் பக்கத்தையே காணவில்லை. கடைசியில் ரெஜிஸ்ட்ரியில், நடப்புப் பயனருக்கான பகுதியில், 'யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் 'பெர்சனல்' என்னும் மதிப்பைப் பழையபடி திருத்தி, சைன் அவுட் செய்து மீண்டும் நுழைந்த பிறகே சரியாயிற்று. ஆகவே முதலில் டி டிரைவில் டாக்குமெண்ட்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் என்று தனித்தனிக் கோப்புறைகளை உருவாக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் கோப்புறையைக் காட்டுங்கள். இரண்டுக்கு ஒரே கோப்புறையைக் காட்டினால் அவை ஒன்றாகக் கலந்துவிடும், பிரிப்பது பெரும்பாடு.

இடத்தை மாற்றியதும், பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று விண்டோஸ் கேட்கும். நம் ஊரில் லோட் ஷெடிங் என்னும் சுழற்சி முறை மின்வெட்டு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்பதால், யூபிஎஸ் இல்லாத வீட்டில் நான் 'நோ' என்றே சொல்வேன். கோப்புகளை முதலில் நகலெடுத்து, எண்ணிக்கையும் அளவும் ஒத்திருப்பதைச் சரிபார்த்த பின்பே சி டிரைவில் உள்ளவற்றை அழிப்பேன். நகர்த்தும் நடுவில் மின்சாரம் போனால் எது அங்கே, எது இங்கே என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

பின்சேர்க்கை: டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், லொகேஷன் மாற்றம் ஏற்கப்படவில்லை என்றார். அவருடைய டாக்குமெண்ட்ஸ் கோப்புறையை, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவ் தன் பேக்கப்பில் எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்டிரைவின் செட்டிங்ஸில் அந்தக் கோப்புறைக்கான பேக்கப்பை நிறுத்திய பிறகு மாற்றம் ஏற்கப்பட்டது.

இன்னொருவர், டி டிரைவில் புதிதாகத் தோன்றிய 'விண்டோஸ்ஆப்ஸ்', 'டபிள்யூபிசிஸ்டம்' என்ற கோப்புறைகளை அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஸ்டோர் செயலிகள் அவற்றில்தான் இருக்கின்றன, அழிக்க வேண்டாம். யூஎஸ்பி வழியாக இணைக்கும் டிஸ்க்கை இதற்குப் பயன்படுத்துவோர், டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு நிலையான ஒரு டிரைவ் எழுத்தை (டி போன்றது) கொடுத்துவிடுங்கள். வேறோர் எழுத்துடன் அது இணைந்தால், டி டிரைவில் தேடும் நிரல்கள் திறக்கமாட்டா.