தோட்டத்துத் தட்டு, பட்டணத்து வேலை: எடையைக் குறைத்து, குறைத்தபடியே வைத்திருக்க

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களும் செம்பனைக் குலை அறுத்தவர்களும் விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நண்பகல் வரை மேடு பள்ளம் ஏறி இறங்கினார்கள். அவர்கள் தட்டில் சோறு குவிந்திருந்ததில் நியாயம் இருந்தது. இன்று மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் அவர்களின் பிள்ளைகள் பலருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் நாள் எடையோடு இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. இலக்கு, ஆறு மாதத்தில் இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம். 90 கிலோ இருப்பவர் 81க்கும் 85க்கும் இடையில் வந்தால் போதும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் அவசரப்படாதீர்கள். பட்டினி கிடந்து வேகமாகக் குறைப்பதில் தண்ணீரும் தசையும் சேர்ந்தே போகின்றன.

இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்.

தட்டுக்கு முன்னால் கிளாஸைப் பாருங்கள். ஒட்டுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கலக்கும்போது டின் பால் கெட்டியாக அடியில் இறங்கும், அதன்மேல் சாயம் விழும். அந்த ஒரு கிளாஸில் சுமார் 150 முதல் 200 கலோரி இருக்கிறது. காலை, பத்து மணி, மாலை என்று மூன்று குடித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு. ஒரேயடியாக தே ஓ கோசோங்குக்கு (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) மாறுபவர்கள் பலர் பத்து நாளில் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் ‘கூராங் மானிஸ்’ (இனிப்பைக் குறைத்து), அடுத்து தே சி கோசோங் (சீனியில்லாமல், இனிப்பில்லாத டின் பாலோடு), பிறகு பாலில்லாமல். நாக்கு பழகிவிடும்.

அடுத்தது எண்ணெய். இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புதிதாகத் திறக்கும் ஐந்து கிலோ எண்ணெய் போத்தலில் அன்றைய தேதியை எழுதுங்கள். நால்வர் உள்ள வீட்டில் அது ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம், அதாவது 370 கலோரி, தாளிப்பிலும் பொரியலிலும் போகிறது. அதே போத்தல் இரண்டு மாதம் வரவேண்டும். சட்டியில் நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி வழி வந்துவிடலாம். தேங்காய்ப்பால் கறி வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோற்றுக்கு ஒரே ஒரு கிண்ணத்தை ஒதுக்குங்கள். 150 கிராம் சோறு பிடிக்கும் கிண்ணம் என்றால் 200 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. குவித்த தட்டில் மூன்று கிண்ணம் இருக்கும், அதை ஒன்றரையாக்குங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (மலாயில் ‘கால், கால், அரை’) முறை நம் சாப்பாட்டுக்கும் பொருந்தும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, முட்டை அல்லது தெம்பே (புளிக்கவைத்த சோயாக்கட்டி), அரைத் தட்டு காய்கறி, பழம். உருளைக்கிழங்குப் பிரட்டல் சோற்றுப் பக்கத்தில்தான் சேரும், காய்ப் பக்கத்தில் அல்ல. சோற்றை மட்டும் குறைத்துவிட்டு மீனையும் கங்கோங் கீரையையும் கூட்டாதவர்கள் மாலை நான்கு மணிக்குப் பீசாங் கோரெங் (வாழைப்பழப் பொரியல்) கடையில் நிற்பார்கள். அது மனஉறுதிக் குறைவு அல்ல, பசி.

குறைந்த எடை ஏன் திரும்புகிறது? கெவின் ஹாலும் சக ஆய்வாளர்களும் 2016இல் கணக்கிட்டது இது: ஒரு கிலோ குறைந்தால் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ சுமார் 100 கலோரி ஏறுகிறது. ஆறு கிலோ குறைத்தவர் 600 கலோரிப் பசியோடு தினமும் மல்லுக்கட்டுகிறார். ஆகவே இலக்கைத் தொட்டதும் ‘டயட் முடிந்தது’ என்று பழைய கிண்ணத்துக்குப் போனால் எடை ஏறத்தான் செய்யும். சாகும்வரை சாப்பிட முடியாத சாப்பாட்டை முதல் வாரத்திலேயே தொடங்காதீர்கள்.

நடையின் பெரும்பயன் இங்கேதான். 1994இல் அமெரிக்காவில் குறைத்த எடையைத் தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்று தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேரம் போல உடலசைவு செய்பவர்கள். வெயில் ஏறுமுன் தோட்டத்துச் செம்மண் சாலையில் அரை மணி, மாலை பள்ளித் திடலில் அரை மணி. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, மூன்று சுற்று. எளிதாகிவிட்டால், தீர்ந்த எண்ணெய் போத்தலில் தண்ணீர் நிரப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும்.

மெலியவைக்கும் காப்பி, மாத்திரை என்று பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) கைப்பேசியிலும் விற்பவற்றைத் தொடாதீர்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் நிறுத்தப்பட்ட சிபுட்ராமின் அவற்றில் கலந்திருப்பது மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு எண். இலக்கு எடையோடு இரண்டு கிலோ கூட்டி நாள்காட்டியில் எழுதுங்கள். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, பசியாறுமுன் எடை பாருங்கள். தீபாவளி முறுக்கோ கோயில் திருவிழாவோ முடிந்து அந்த எண்ணைத் தொட்டால், அன்றே எண்ணெய்க் கரண்டியையும் சோற்றுக் கிண்ணத்தையும் திரும்ப எடுங்கள். இரண்டு கிலோவை ஒரு மாதத்தில் இறக்கிவிடலாம். எட்டுக் கிலோவுக்கு மறுபடி நான்கு மாதம் வேண்டும்.