காளான் காப்சூல்களைச் சேர்த்துச் சாப்பிடும் முன்

ரெய்ஷி ஒரு டப்பா, லயன்ஸ் மேன் ஒரு டப்பா, கார்டிசெப்ஸ் ஒரு டப்பா என்று வாங்கி, மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்கிறவர்கள் இப்போது நிறைய. எல்லாம் காளான்தானே, சேர்ந்தால் என்ன ஆகிவிடும் என்பார்கள். இவை ஒன்றோடொன்று மோதிக்கொள்வதைவிட, ஒரே பக்கமாகச் சேர்ந்து இழுப்பதுதான் கவலை. போதாததற்கு நீங்கள் தினமும் போடும் மாத்திரையும் அதே பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம்.

அதனால் முதலில் வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த எதாவது இருக்கிறதா? ரெய்ஷிக்கும் (காபித்தூளில் கலந்து, சொந்தக்காரர் யாராவது உறுப்பினராகச் சேரச் சொல்லி விற்பாரே, அந்த கனோடெர்மாதான்) ரத்தம் உறைவதை மட்டுப்படுத்தும் தன்மை உண்டு. வார்ஃபரின் எடுப்பவர் மைடாக்கே என்ற காளானைச் சாப்பிட்டு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறியதும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இதே கணக்கு: கிளிமிப்ரைடோ இன்சுலினோ போடுகிறவர் கூடவே இரண்டு காளானை ஏற்றினால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு இருக்கிறது. ஆபரேஷன் தேதி குறித்துவிட்டால், பல் பிடுங்குவதானாலும் சரி, இரண்டு வாரம் முன்னாலேயே காளானை நிறுத்திவிட்டு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

சாகா என்ற காளானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சைபீரியப் பக்கம் பிர்ச் மரத்தில் கரிக்கட்டி போல வளரும் இதில் ஆக்சலேட் மிக அதிகம், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகிற அதே ஆக்சலேட். ஜப்பானில் கல்லீரல் புற்றுநோய் இருந்த 72 வயதுப் பெண் ஒருவர் தினமும் நாலைந்து டீஸ்பூன் சாகா பொடி என்று ஆறு மாதம் சாப்பிட்டு, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனார். 2014-இல் வெளியான அறிக்கை இது. அளவு அதிகம்தான், ஆனால் பொடியாக வாங்கி டீயில் போடுகிறவர்கள் யார் எடை பார்க்கிறார்கள்? இதோடு 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும் போட்டால் உடம்பு அதிலும் ஒரு பகுதியை ஆக்சலேட்டாக மாற்றும். கல் வந்தவர்கள், ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கூடியவர்கள் சாகா பக்கமே போக வேண்டாம்.

சரி, இது எதுவும் உங்களுக்கு இல்லை என்றால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஆரம்பியுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் பாதி, இரண்டு வாரம். வயிறு, தூக்கம், தோல் அரிப்பு, பிரஷர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் மட்டும் அடுத்தது. மூன்றையும் ஒன்றாக ஆரம்பித்துவிட்டு உடம்பில் தடிப்பு வந்தால் எதை நிறுத்துவீர்கள்? பத்துக் காளான் கலந்த ஒரே பவுடர் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம் என்று பல டப்பாக்களில் போடுவதே இல்லை. பீட்டா குளுக்கன் (காளானில் வேலை செய்வதாகச் சொல்லப்படும் நார்ச்சத்து) எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் பாலிசாக்கரைடு (சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த எல்லாச் சத்தும்) என்ற கணக்கில், காளான் இழையை வளர்க்கப் போட்ட தானியத்தின் மாவுச்சத்தும் சேர்ந்துவிடும். கன உலோகப் பரிசோதனை அறிக்கை கேட்டால் தராத கடையில் வாங்காதீர்கள்.

உறுப்பு மாற்று செய்து டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள், லூபஸ், முடக்குவாதம் போல உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்கள், இவர்களுக்கு இந்தக் காளான்கள் போல நோய் எதிர்ப்பைத் தூண்டுகிற எதுவும் ஆகாது. கர்ப்பிணிகளும் வேண்டாம். கீமோ நடக்கும்போது என்றால் புற்றுநோய் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் எல்லாக் காளானையும் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அவசர சிகிச்சைக்கு. ரெய்ஷி பொடி சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் உண்டு. போகும்போது டப்பாக்களையே கையோடு எடுத்துப் போங்கள், ஏனென்றால் "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று டாக்டர் கேட்டால் காளான் பவுடரை மருந்தென்று நினைத்துச் சொல்ல நமக்குத் தோன்றாது.