அருந்ததியை நிஜமாகவே பார்ப்பது எப்படி?

அம்மி மிதித்து மெட்டி போட்டதும் மணமக்களை மண்டப வாசலுக்கு அழைத்து வந்து புரோகிதர் வானத்தைக் காட்டுவார். காலை ஒன்பது மணி வெயிலில் எதுவும் தெரியாது, தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். வசிட்டரையும் அருந்ததியையும் போல இணைபிரியாமல் இருப்போம் என்று சொல்லும் சடங்கு இது. மணமக்கள் இருவரும் ஒரு முறையாவது அந்த அருந்ததி விண்மீனை இருட்டில் சேர்ந்து பார்த்துவிடுங்கள்.

பார்க்க வேண்டிய திசை வடக்கு. நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். வைகாசி, ஆனியில் இரவு எட்டு மணிக்கே அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் நிற்கும். பங்குனியில் பத்து மணி வாக்கில் வடகிழக்கே பாருங்கள். தை மாத விடியற்காலை முகூர்த்தம் என்றால் இன்னும் வசதி: ஐந்து மணிக்கு மொட்டை மாடி ஏறினால் ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கும். ஆவணியில் இருட்டியதும் வடமேற்கில் தாழ்ந்துவிடும், மரமும் கட்டடமும் மறைக்கும். ஐப்பசியில் கல்யாணம் என்றால் கார்த்திகைக் கடைசி வரை பொறுத்திருந்து விடியலில் வடகிழக்கே தேடுங்கள்.

முதலில் சப்தரிஷி மண்டலத்தைப் பிடியுங்கள். நான்கு விண்மீன்கள் கிண்ணம் போல, மூன்று வால் போல வளைந்திருக்கும். வைகாசி இரவில் கிண்ணம் இடப்பக்கம் கவிழ்ந்தும் வால் வலப்பக்கமும் தெரியும். வாலின் மூன்றில் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரியும் சிறு புள்ளிதான் அருந்ததி, பழந்தமிழில் வடமீன். இரண்டுக்கும் உள்ள இடைவெளி முழுநிலவின் அகலத்தில் பாதிகூட இல்லை. பெரியதைக் காட்டி அதன் வழியே சிறியதைக் காட்டுவதற்கு 'அருந்ததி நியாயம்' என்றே பெயர் உண்டு. வரிசை மாறினால் கிடைக்காது.

பலருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் கண் இருட்டுக்குப் பழகாததுதான். செல்போனை அணைத்துவிட்டு இருபது நிமிடம் இருங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். தூரத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி போடுபவர் என்றால் கழற்ற வேண்டாம். நேராக முறைக்காமல் சற்றே பக்கத்தில் பார்வையை வைத்தால் மங்கிய புள்ளி துலங்கும். நகர வெளிச்சத்தில் சாதாரண பைனாகுலர் போதும். துருவ நட்சத்திரத்தை அருந்ததி என்று காட்டுபவர்களும் உண்டு. அது தமிழ்நாட்டில் அடிவானத்தை ஒட்டித் தனியாக நிற்கும், அதற்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஜோடி கிடையாது.

ஒருவர் கண்டுபிடித்ததும் தோளுக்குப் பின்னால் நின்று, கையை நீட்டி மற்றவருக்குக் காட்டுங்கள். இருவரும் இரண்டு புள்ளிகளாகப் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு.