ரோமின் முதல் வரலாற்றாசிரியர்கள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபுப்படி ரோம் நகரம் கி.மு. 753-ல் உருவானது, கி.மு. 509-ல் மன்னராட்சி ஒழிந்து குடியரசு வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளும் பலருக்கு மனப்பாடம். ஆனால் ரோமானியர் ஒருவர் தன் நகரத்தின் வரலாற்றை முதன்முதலாக எழுத உட்கார்ந்தது எப்போது என்று கேட்டால், பதில் சட்டென்று வருவதில்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது நடந்தது. எழுதியவர் குவின்டஸ் ஃபேபியஸ் பிக்டர். நகரம் பிறந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து கணக்குப் போட்டால், அதற்குள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இந்த இடைவெளியை மறந்துவிடுவதால்தான் நாம் பல இடங்களில் சறுக்குகிறோம். நானும் பல வருடங்கள் ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் கதையையும், வட ஆப்பிரிக்க நகரமான கார்தேஜின் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரையும் ஒரே தராசில் வைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில், ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியைத் தொடக்கம் என்று நினைத்துக்கொள்வது. கையில் கிடைப்பது அவர் நூல்தான் என்பதால் இந்த எண்ணம் வருகிறது. லிவி 142 பகுதிகள் எழுதினார். 35 மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆனால் அவர் எழுதியது பேரரசர் அகஸ்டஸ் காலத்தில். ஃபேபியஸ் பிக்டருக்கும் அவருக்கும் நடுவில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், பல தலைமுறை எழுத்தாளர்கள். அவர்களுடைய நூல்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. லிவி நமக்குச் சொல்வது பல கை மாறி வந்த சரக்கு. அவரைப் படிக்கும்போது, இந்தச் செய்தி இவருக்கு யார் வழியாக வந்திருக்கும் என்ற கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மொழி. ஃபேபியஸ் பிக்டர் கிரேக்க மொழியில் எழுதினார் என்றதும், ரோமானியருக்குத் தாய்மொழி மேல் மதிப்பில்லை என்றோ, வெளிநாட்டாருக்காக எழுதப்பட்ட பிரச்சாரம் என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர் யார் என்று பார்த்தால் இது இவ்வளவு எளிதில்லை என்று தெரியும். அவர் செனட் உறுப்பினர். கி.மு. 225-ல் வடக்கிலிருந்து வந்த கால் (Gaul) இனத்தாரோடு நடந்த போரில் இருந்தவர். கி.மு. 216-ல் கன்னே போர்க்களத்தில் ஹன்னிபாலிடம் ரோமானியப் படை நாசமானபோது, தெய்வங்களின் கோபத்தைத் தணிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவர செனட் அவரைத்தான் கிரீஸிலுள்ள டெல்ஃபி கோயிலுக்கு அனுப்பியது. அவர் திரும்பி வந்த காட்சியை லிவி விவரிக்கிறார். கிரேக்கச் செய்யுளில் வந்த அருள்வாக்கை மொழிபெயர்த்துப் படித்துக்காட்டினார். கோயிலில் அணிந்த லாரல் இலைக் கிரீடத்தை ரோம் வந்து சேரும்வரை கழற்றக்கூடாது என்பது உத்தரவு. அப்படியே தலையில் வைத்துக்கொண்டு கடல் கடந்து வந்து, ரோமில் அப்பல்லோ பலிபீடத்தின் மேல் அதை இறக்கி வைத்தார்.

இப்படிப்பட்ட ஒருவர் கிரேக்கத்தில் எழுதியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வரலாறு என்ற எழுத்து வகையே அன்றைக்கு கிரேக்க மொழியில்தான் இருந்தது. இலத்தீனில் உரைநடை வரலாற்றுக்கு முன்மாதிரியே கிடையாது. ரோமைப் பற்றி அதுவரை எழுதியிருந்தவர்களும் கிரேக்கர்கள்தான். சிசிலியைச் சேர்ந்த திமேயஸ் அவர்களில் முக்கியமானவர். ரோமுக்கும் கார்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போரைக் கார்தேஜ் பக்கம் சாய்ந்து எழுதிய ஃபிலினஸும் ஒரு கிரேக்கர். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் படிக்கும் மொழியில்தான் சொல்ல வேண்டும். அதே சமயம் கிரேக்கம் படித்த ரோமானிய மேல்குடியினரும் அவருடைய வாசகர்கள்தான். சிசிலியில் டாவோர்மினா என்று இன்று அழைக்கப்படும் ஊரில், ஒரு பழைய நூலகச் சுவரில் எழுதியிருந்த வாசகத்தில் ஃபேபியஸ் பிக்டரின் பெயரும் நூலின் சுருக்கமும் கிடைத்திருக்கின்றன. அவரைக் கிரேக்க ஊர்களிலும் படித்தார்கள் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

அவருடைய சமகாலத்தவர் லூசியஸ் சின்சியஸ் அலிமென்டஸ். அவரும் செனட்டர், அவரும் கிரேக்கத்தில் எழுதினார். போரில் ஹன்னிபாலிடமே கைதியாக இருந்தவர். ரோன் ஆற்றைக் கடந்த பிறகு தான் 36,000 ஆட்களை இழந்ததாக ஹன்னிபால் வாயாலேயே கேட்டதாக எழுதிவைத்தார். ரோமின் முதல் வரலாற்றாசிரியர்கள் நூலகத்தில் உட்கார்ந்த அறிஞர்கள் இல்லை. நாடு மூழ்கிப்போகுமோ என்ற பயத்தை உடம்பில் உணர்ந்தவர்கள். அந்தப் பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களுடைய எழுத்தைப் பேச முடியாது என்பது என் எண்ணம்.

இலத்தீனுக்கு வழி திறந்தவர் செனட்டர் மூத்த கேட்டோ. 'ஒரிஜினஸ்', அதாவது 'தோற்றங்கள்' என்ற அவருடைய நூல் ஏழு பகுதிகள் கொண்டது. கி.மு. 149-ல் சாகும்வரை அதை எழுதிக்கொண்டிருந்தார். இங்கேயும் ஒரு தவறான பேச்சு உண்டு: கேட்டோ ரோமின் பெருமையை மட்டும் பாடினார் என்பது. உண்மையில் 2, 3-ஆம் பகுதிகளில் மற்ற இத்தாலிய நகரங்கள் எப்படித் தோன்றின என்று தேடித் தேடி எழுதினார். போர்களை எழுதும்போது தளபதிகளின் பெயர்களை விட்டுவிட்டார்; அவருக்கு வெற்றி மக்களுடையது. ஆனால் கார்தேஜ் படையில் மிக வீரமாகப் போரிட்ட ஒரு யானையின் பெயரை மட்டும் குறித்துவைத்தார். அதன் பெயர் சூரஸ். ஒரு தந்தம் ஒடிந்துபோனது. பிற்கால ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இதைச் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது.

இப்போது எல்லாரும் குழம்பும் இடத்துக்கு வருவோம்: 'அன்னாலெஸ்' என்ற சொல். ஆண்டுவாரியான குறிப்பு என்பது பொருள். கவிஞர் என்னியஸ் எழுதிய 18 பகுதிக் காவியத்துக்கும் இதுதான் பெயர். தலைமைப் பூசாரி வைத்திருந்த பதிவுக்கும் இதுதான் பெயர். பிற்கால வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் நூலையும் இன்று அப்படித்தான் அழைக்கிறோம். மூன்றும் வேறு வேறு. பெயரை மட்டும் பார்த்து ஒன்றில் படித்ததை இன்னொன்றின் தலையில் கட்டிவிடக்கூடாது.

பூசாரியின் பதிவைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தலைமைப் பூசாரியை 'பொன்டிஃபெக்ஸ் மாக்சிமஸ்' என்பார்கள். வெள்ளையடித்த பலகை ஒன்றில் அந்தந்த ஆண்டின் நிகழ்ச்சிகளை எழுதித் தன் வீட்டில் எல்லாரும் பார்க்கும்படி அவர் வைப்பார். ரோமின் தொடக்கத்திலிருந்தே இந்த வழக்கம் இருந்தது, பூப்ளியஸ் மூசியஸ் ஸ்கீவோலா கி.மு. 130-ஐ ஒட்டி அந்தப் பதவிக்கு வந்த காலம்வரை தொடர்ந்தது என்கிறார் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. இதைப் படித்துவிட்டுப் பலர், ஆகா, ஐந்நூறு ஆண்டுக்கும் எழுத்துச் சான்று இருந்திருக்கிறது, ஃபேபியஸ் அதைப் பார்த்துத்தான் எழுதினார் என்று தாவிவிடுகிறார்கள்.

பலகையில் என்ன இருந்தது என்பதற்கு நேரில் பார்த்த கேட்டோவே சாட்சி. தலைமைப் பூசாரியின் பலகையில் இருப்பதை எழுத எனக்கு விருப்பமில்லை, தானியம் எத்தனை முறை விலை ஏறியது, நிலவையோ சூரியனையோ எத்தனை முறை ஏதோ ஒன்று மறைத்தது என்பதுதானே அது என்கிறார். இதிலிருந்து ரோமுலஸின் வாழ்க்கையையோ மன்னராட்சி ஒழியக் காரணமானதாகச் சொல்லப்படும் லுக்ரீஷியாவின் சோகத்தையோ எடுக்க முடியாது. பஞ்சம், கிரகணம், பதவிக்கு வந்தவர்களின் பெயர் இவைதான் மிஞ்சும். கி.மு. 390 என்று மரபாகச் சொல்லப்படும் கால் படையெடுப்பில் நகரம் எரிந்தபோது பழைய பதிவுகளில் பெரும்பாலானவை அழிந்தன என்று லிவியே 6-ஆம் பகுதியின் தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறார். (அந்த 390-உம் உறுதியான ஆண்டு இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கிரேக்க நிகழ்ச்சிகளோடு சேர்த்துச் சொல்வதைப் பார்த்தால் கி.மு. 387 அல்லது 386 என்று வருகிறது.)

753-உம் அப்படித்தான். நகரம் நிறுவப்பட்ட ஆண்டை திமேயஸ் நம் கணக்கில் கி.மு. 814 என்று வைத்தார். ஃபேபியஸ் பிக்டர் 748 என்றார். சின்சியஸ் 729 என்றார். ரோமானிய அறிஞர் வார்ரோவின் கணக்கு பின்னால் நிலைத்துப்போனதால் 753 நம் பாடப்புத்தகத்துக்கு வந்தது. எழுதும்போது 'மரபுப்படி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், இந்தத் தவறு நேராது.

பலகை தராத கதை எங்கிருந்து வந்தது? பெரிய குடும்பங்களிலிருந்து. ஒரு பெரியவர் செத்தால் முன்னோர்களின் மெழுகு முகமூடிகளை ஆட்கள் அணிந்துகொண்டு ஊர்வலம் போவார்கள். சதுக்கத்தில் மகன் மேடையேறி, செத்தவர் முதல் அந்த முன்னோர்கள்வரை எல்லாருடைய சாதனைகளையும் சொல்லுவான். அந்தப் பேச்சுகளை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். இவற்றை நம்பி எழுதியதால் வரலாறு கெட்டது என்று சிசரோ வருந்துகிறார். நடக்காத வெற்றி ஊர்வலங்கள், ஏற்காத கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் உயர் ஆட்சியாளர்) பதவிகள், இல்லாத உறவுமுறைகள் எல்லாம் அவற்றில் இருந்தனவாம். அதற்கு அவர் தரும் உதாரணத்தைப் பாருங்கள்: மன்னர்கள் விரட்டப்பட்டுப் பத்தாவது ஆண்டில் கான்சலாக இருந்த மானியஸ் டூலியஸின் வழிவந்தவன் நான் என்று நானே சொல்லிக்கொள்வதைப் போன்றது அது என்கிறார். அவருடைய குடும்பப் பெயரும் டூலியஸ்தான். சொல்லியிருந்தால் மறுக்க ஆளில்லை. அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்காக எனக்கு சிசரோ மேல் மரியாதை அதிகம்.

இன்னொரு ஊற்று கிரேக்க இலக்கியம். ரோமின் கடைசி மன்னரின் மகன் செக்ஸ்டஸ் டார்க்வினியஸ் கபீ நகரத்துக்குள் நுழைந்து பதவி பிடித்ததும், அடுத்து என்ன செய்வது என்று அப்பாவைக் கேட்க ஆள் அனுப்புகிறான். மன்னர் ஒன்றும் பேசாமல் தோட்டத்தில் நடந்தபடி உயரமான கசகசாச் செடிகளின் தலையைக் கோலால் தட்டித் தட்டி விழவைக்கிறார். மகனுக்குப் புரிந்துவிடுகிறது: ஊரின் பெரிய தலைகளைக் கொல்ல வேண்டும். அழகான கதை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸில் இதே கதை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே கொரிந்துவின் பெரியாண்டரின் தூதனுக்கு மிலீட்டஸின் திராசிபுலஸ் வயலில் உயர்ந்த கதிர்களை ஒடித்துக்காட்டுகிறான். ரோமின் ஆதிகாலக் கதை மிகவும் நயமாக இருக்கிறதென்றால், அதன் கிரேக்க அண்ணன் எங்கே என்று தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எண்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஸ்பெயினில் புதிய கார்தேஜ் நகரத்தை ரோமானியத் தளபதி ஸ்கிபியோ பிடித்தபோது கைப்பற்றிய 'ஸ்கார்பியன்' எனும் எறிகருவிகள் எத்தனை? கிரேக்க எழுத்தாளர் சைலேனஸ் பெரியதும் சிறியதுமாக ஏறத்தாழ 60 என்றார். ரோமானிய எழுத்தாளர் வாலேரியஸ் ஆன்டியாஸோ பெரியவை 6,000, சிறியவை 13,000 என்றார். பொய்க்கு ஓர் எல்லையே இல்லையா என்று லிவி மனம் வெறுத்துப்போகிறார். ஆன்டியாஸைப் போன்றவர்கள் கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர்கள். ஃபேபியஸ், கேட்டோ தலைமுறையையும் இவர்களையும் ஒரே கூடையில் போட்டு 'ஆண்டுவாரி எழுத்தாளர்கள்' என்று சொல்லிவிட்டால் முந்தியவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

அதற்காக முந்தியவர்களை அப்படியே நம்பவும் வேண்டாம். பொலிபியஸ் இதில் நல்ல வழிகாட்டி. ஃபேபியஸ் செனட்டர், அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் என்பதற்காகச் சிலர் அவர் சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கலாம், ஆனால் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். 'ஃபேபியஸ் இப்படி எழுதினார்' என்று மேற்கோள் குறிக்குள் போடும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும். அவருடைய நூல் நம்மிடம் இல்லை. இருப்பவை பிற்காலத்தவர் தம் சொல்லில் சுருக்கித் தந்த துண்டுகள்.

கடைசியாக, இதற்கு நேர்மாறான தவறு. இவ்வளவையும் கேட்ட பிறகு, சரி, கி.மு. 300-க்கு முந்தியது முழுக்கக் கட்டுக்கதை என்று தூக்கி எறிந்துவிடுவது. இதுவும் தப்பு. ரோமும் கார்தேஜும் குடியரசின் முதல் ஆண்டில் செய்துகொண்ட ஒப்பந்தம் வெண்கலத் தகட்டில் இருந்ததாகப் பொலிபியஸ் சொல்கிறார். அதன் இலத்தீன் பழையதாக இருந்ததால், ரோமின் சிறந்த அறிஞர்களே சில இடங்களைச் சிரமப்பட்டுத்தான் படித்தார்களாம். அப்படியானால் பழைய எழுத்து கொஞ்சமாவது தப்பியிருக்கிறது.

1977-ல் ரோமுக்குத் தெற்கே சாட்ரிகம் என்ற இடத்தில், மாடர் மாடுடா தேவியின் கோயில் அடித்தளத்தில் ஒரு கல் கிடைத்தது. கி.மு. 500-ஐ ஒட்டியது. பொப்லியோஸ் வலேசியோஸ் என்பவரின் தோழர்கள் போர்த் தெய்வம் மார்ஸுக்கு வைத்த காணிக்கை என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தப் பெயரைப் பிற்கால இலத்தீனில் சொன்னால் பூப்ளியஸ் வாலேரியஸ். குடியரசின் முதல் ஆண்டில் கான்சலாக இருந்தார் என்று லிவி சொல்லும் மனிதரின் பெயர் அது. இருவரும் ஒரே ஆள்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் லிவி பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு கோயிலின் அடியில் போய்ப் புதைந்துவிட்ட கல் அது.