கோட்டுக்கு அளவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் எங்கள் கடையில் ரிசப்ஷன் கோட் ஆர்டர்கள் குவிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் அளவெடுப்பதைப் போன வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். பாக்கெட்டில் செல்போன் இருக்கும்போதே சீட், அதாவது பின்புறச் சுற்றளவு, அளப்பது, டேப்பை முறுக்கிப் பிடிப்பது இதெல்லாம் நாலு நாளில் சரியாகிவிடும். அவற்றை நான் பேசப்போவதில்லை.

லூஸைச் சேர்த்து எழுதுவது

மார்பு 38 இன்ச். பையன் "கொஞ்சம் லூஸ் இருக்கட்டும்" என்று நோட்டில் 40 என்று எழுதுகிறான். வெட்டுகிற மாஸ்டர் அதை உடம்பு அளவு என்று நினைத்து, கோட்டுக்கு வழக்கமாக விடும் 4 இன்ச்சைச் சேர்த்து 44-க்கு வெட்டிவிடுகிறார். இரண்டு பேருமே நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், துணிதான் போனது. நோட்டில் உடம்பின் அளவு மட்டும் ஏறட்டும். வாடிக்கையாளர் லூஸாகக் கேட்டால் அதைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

சட்டைத் தையலை வைத்துத் தோள் அளப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வாடிக்கையாளர் போட்டிருக்கும் சட்டையில் கை சேர்கிற தையல் கண்ணுக்கு நேராகத் தெரியும். இந்தத் தையலிலிருந்து அந்தத் தையல் வரை டேப்பை வைத்து "பதினெட்டரை" என்று சொல்லிவிடுகிறார்கள். ரெடிமேட் சட்டைகளில் பலவற்றுக்கு அந்தத் தையல் எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கித்தான் நிற்கும். சட்டைக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, மெல்லிய துணி, உடம்போடு விழுந்துவிடும். கோட்டின் தோளில் விறைப்புக்காக உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணி இருக்கிறது, தோளை எடுப்பாகக் காட்டும் பேட் இருக்கிறது. ஒரு இன்ச் கூடினால் பேட் தோளைத் தாண்டி வெளியே நீட்டும், அதற்குக் கீழே கையின் மேல்பக்கம் குழி விழும்.

தனியாகக் கடை வைத்த இரண்டாம் வருடம் நான் இப்படித்தான் அளந்தேன். மாப்பிள்ளை மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. சட்டைத் தையலை நம்பிப் பதினெட்டரை எழுதினேன், அவருடைய உண்மையான தோள் பதினேழரை. அவசரம் என்று டிரையலும் வைக்கவில்லை. ரிசப்ஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து போட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அண்ணே, அப்பா கோட்டைப் போட்ட மாதிரி இருக்கே" என்றார்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். கையைப் பிரித்துத் தோளைக் குறைத்தால் கைக்குழி பெரிதாகிறது, பழைய கை அதில் சேர மறுக்கிறது. இழுத்துப் பிடித்துச் சேர்த்தால் மணிக்கட்டில் நீளம் குறைகிறது. காலரோ கழுத்தை விட்டு விலகிவிட்டது. விடிந்தபோது பார்க்கச் சுமாராக இருந்தது, அவ்வளவுதான். அவரும் அதைப் போட்டுக்கொண்டுதான் மேடையில் நின்றார். பிறகு மூன்றேகால் மீட்டர் துணி என் காசில் வாங்கி வேறு சூட் தைத்துக் கொடுத்தேன். ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் இருப்பது அந்தப் பழைய கோட்தான்.

இடுப்பைப் பிடிக்கலாம், பக்கத் தையலில் துணி விட்டிருந்தால் பிரித்து விடலாம், பேன்ட் நீளத்தை ஏற்றி இறக்கலாம். தோளில் காலர், கேன்வாஸ், லைனிங், கை எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. குறைப்பதே பெரும்பாடு. பத்தாமல் போனால் கூட்டுவதற்கு உள்ளே துணியே இருக்காது.

ஆகவே சட்டைத் தையலைப் பார்க்காதீர்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள். தோளின் நுனியில், எலும்பு முடிகிற இடத்தில் சின்னக் குழி விழும். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கையை இறக்கச் சொல்லி, சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது முதுகுப் பக்கமாகப் புள்ளிக்குப் புள்ளி அளந்தால் அதுதான் தோள்.

அதோடு நிறுத்தாதீர்கள். வலக்கைக்காரர்கள் பலருக்கு வலது தோள் சற்றே இறங்கியிருக்கும். இடுப்பில் ஒரு நாடாவைச் சமமாகக் கட்டி, தோள் நுனியிலிருந்து நாடா வரை இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அரை இன்ச் வித்தியாசம் இருந்தால் "வலது தோள் ½ இறக்கம்" என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அக்குளிலிருந்து சாய்வாக ஒரு சுருக்கம் ஓடும், எத்தனை முறை அயர்ன் செய்தாலும் போகாது.

டேப்பைக் கண்டதும் ஆட்கள் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நிற்பார்கள். அப்படி நிற்கிறவரை அளந்தால் எந்த அளவும் சரியாக வராது. நான் மண்டபம் எங்கே, சமையல் யார் என்று பேச்சுக் கொடுப்பேன். பதில் சொல்லத் தொடங்கியதும் தோள் தானாக இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் டேப்பை எடுப்பேன்.

ஒரு கையை மட்டும் அளப்பது

இரண்டையும் அளங்கள்.

செருப்போடு பேன்ட் நீளம் எடுப்பது

ரிசப்ஷனுக்குப் போடப்போகும் ஷூவைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தொப்பை உள்ளவருக்கு இடுப்பு

பேன்ட்டைத் தொப்புளுக்கு மேலே கட்டுவாரா, தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவாரா என்று முதலில் கேளுங்கள். இரண்டு இடத்திலும் சுற்றளவும் வேறு, பேன்ட்டின் நீளமும் வேறு. மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தைக்கும்போதுதான் இது அதிகம் தவறுகிறது.

ஆடியில் எடுத்த அளவை ஆவணி வரை நம்புவது

ஒரு மாதத்தில் மாப்பிள்ளை உடற்பயிற்சி நிலையத்துக்கும் போயிருக்கலாம், விருந்துக்கும் போயிருக்கலாம். டிரையல் அன்று மார்பையும் இடுப்பையும் மறுபடி அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதுங்கள்.