வாடகை தள்ளிப்போனால்: சலுகை நாளும் தாமதக் கட்டணமும்

பாளையங்கோட்டையில் புதிதாக வீடு பிடிப்பவர்களுக்கு யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார்: "பதினைந்து நாள் தாமதிக்கலாம், சட்டமே இருக்கிறது." அது 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தோடு போயிற்று. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, ஒப்பந்தத்தில் எழுதிய கெடுவுக்குள் வாடகை கட்ட வேண்டும். சலுகை நாள் வேண்டுமென்றால் பத்திரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தேதி. சம்பளம் 7-ஆம் தேதி வருகிறவர் 5-ஆம் தேதிக்குத் தலையாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. "பார்த்துக்கொள்ளலாம் தம்பி" என்பார் வீட்டுக்கார அண்ணாச்சி. அவர் மகன் சென்னையிலிருந்து வந்து கணக்குக் கேட்கும்போது அந்தப் பேச்சு எடுபடாது.

2. அடுத்து தாமதக் கட்டணம். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வாடகை ரூ.8,000, மாதந்தோறும் 5-ஆம் தேதி. 10-ஆம் தேதி வரை கூடுதல் கட்டணம் இல்லை. அதன்பின் நாளொன்றுக்கு ரூ.20; மாதத்துக்கு ரூ.300-க்கு மேற்படாது." 18-ஆம் தேதி கட்டினால் எட்டு நாள், ரூ.160. உச்சவரம்பு இல்லாமல் "நாளுக்கு ரூ.100" என்றிருந்தால் இருபது நாளில் ரூ.2,000, அதாவது கால்வாசி வாடகை! 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இதற்காக யார் கோர்ட்டுப் படி ஏறுவது? கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறையுங்கள்.

3. தாமதமாகும் என்று தெரிந்ததும், கெடுவுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "அண்ணாச்சி, சம்பளம் வரத் தாமதமாகிறது. இன்று ரூ.4,000 அனுப்பியிருக்கிறேன். மீதியை 12-ஆம் தேதி தருகிறேன்." பாதியாவது கையில் வந்துவிட்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

4. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது. கீழ்வீட்டு ஆச்சி வாங்கி வைத்தாலும் நோட்டில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு மாதம் பாக்கி நின்றால் நோட்டீஸ் வரலாம். கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டிவிட்டால், அந்தப் பாக்கியைக் காட்டி வெளியேற்ற முடியாது. பாக்கிக்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.