டார்ச் லைட்டின் 18650 செல்: சரியாகச் சார்ஜ் போட்டு நீண்ட நாள் உழைக்க வைப்பது எப்படி?

தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், பழைய லேப்டாப் பேட்டரி என எதைப் பிரித்தாலும் உள்ளே பெரும்பாலும் விரல் நீளத்தில் உருண்டையாக ஒரு செல் இருக்கும். குறுக்களவு 18 மி.மீ., நீளம் 65 மி.மீ., அதனால் பெயர் 18650. 2008-இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் காரில் இதே அளவில் 6,831 செல்கள் இருந்தன. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்திருந்து, ராத்திரியில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவர் தலையில் எரிவதும் இதுதான்.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சில நூறு முறை சார்ஜ் ஏறும். ஆனால் பலர் வீட்டில் ஒரு வருடம்கூட தாங்குவதில்லை. செல்லைக் கெடுப்பது நாம் அதைப் பயன்படுத்துவதைவிட, சூடும், மிதமிஞ்சிய சார்ஜும், அடியோடு தீர்ந்து கிடப்பதும்தான். வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டர் ஒன்று மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை குறைந்ததே போதும்.

முதல் படி: செல்லைப் பாருங்கள்

மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா? இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். செல்லின் உடம்பு முழுவதுமே மைனஸ். பிளஸ் முனைக்கும் அதற்கும் இடையில் ஒரு மெல்லிய வளையம்தான் இருக்கிறது. அந்த விளிம்பில் உறை கிழிந்து, ஒரு சாவியோ ஆணியோ பட்டால் அங்கேயே ஷார்ட் ஆகி, கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். புது உறை மலிவு, மாற்றிவிடுங்கள். நசுங்கியது, கசிந்தது, துருப்பிடித்தது எதற்கும் சார்ஜ் போடவே வேண்டாம்.

அடுத்து எழுத்தைப் படியுங்கள். கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர்-மணி (mAh) என்று போட்டிருந்தால் அது பொய். இந்த அளவில் வரும் நல்ல செல்லே பெரும்பாலும் 3500, 3600-ஐத் தாண்டுவதில்லை. தராசில் வைத்தால் நல்ல செல் 45 கிராமை ஒட்டி நிற்கும். ரொம்ப லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

3.7 அல்லது 3.6 வோல்ட் என்று இருந்தால் சரி. 3.2 வோல்ட் என்றிருந்தால் அது வேறு ரகம், லித்தியம் இரும்பு பாஸ்பேட். சோலார் விளக்குகளில் நிறைய வருகிறது. உருவத்தில் வித்தியாசமே தெரியாது, ஆனால் 3.65 வோல்ட்டிலேயே நிரம்பிவிடும். சாதாரண சார்ஜர் அதை 4.2 வரை ஏற்றப் பார்க்கும். கலந்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரின் திருகை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஊசி பிளஸ் முனையில், கறுப்பு ஊசி தட்டையான அடிப்பாகத்தில். 4.2 காட்டினால் முழு சார்ஜ். 3.7 பக்கம் என்றால் பாதிக்கு முன்பின். 3.2-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி, உடனே சார்ஜ் போடுங்கள்.

2.5-க்கும் கீழே இறங்கி நாள்கணக்கில் கிடந்த செல்லை விட்டுவிடுங்கள். அப்படியே இன்னும் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். நல்ல செல்லோடு ஒயர் கொடுத்து இதை எழுப்பிவிடலாம் என்று சொல்லித்தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: சார்ஜ் போடுவது

செல்லின் கொள்ளளவில் பாதி அளவோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ மின்னோட்டம் போதும். 2600 செல்லுக்கு 1 ஆம்பியர் நன்றாகப் பொருந்தும், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பழைய பேட்டரியிலிருந்து எடுத்த, சத்துக் குறைந்த செல்லுக்கு அரை ஆம்பியர் வையுங்கள். நல்ல சார்ஜர் முதலில் ஒரே சீராக மின்சாரம் தரும், 4.2 வோல்ட் வந்ததும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிடும். மலிவான சார்ஜர்கள் எல்லாம் இப்படி நிறுத்தும் என்று நம்ப முடியாது.

அதனால் புது சார்ஜரை முதல் நாளே சோதியுங்கள். பச்சை விளக்கு வந்ததும் செல்லை எடுத்து அளந்து பாருங்கள். 4.15 முதல் 4.20 வரை என்றால் நல்லது. 4.25-க்கு மேலே காட்டினால் அந்தச் சார்ஜர் வீட்டிலேயே இருக்க வேண்டாம். செல்லையும் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் உடனே ஒயரைப் பிடுங்குங்கள்.

மெத்தை மேலே, தலையணைப் பக்கம், தூங்கும் நேரம் மூன்றும் கூடாது. தரையில், கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள்.

நான்காம் படி: ஆயுளைக் கூட்டுவது

பழைய நிக்கல் பேட்டரிபோல முழுக்கத் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டியதில்லை. பாதியில் போடலாம், பாதியில் எடுக்கலாம். 4.1 வோல்ட்டிலேயே எடுத்துவிட்டால் ஒரு சார்ஜில் கிடைக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் செல் பல மாதங்கள் கூடுதலாக உழைக்கும். தினமும் டார்ச் தேவைப்படுபவருக்கு இதுதான் லாபம் என்பது என் கருத்து. வெளிச்சம் மங்கியதும் அணைத்துவிடுங்கள், கடைசிச் சொட்டு வரை எரிக்க வேண்டாம்.

நம் ஊர் வெயில்தான் பெரிய எதிரி. சார்ஜ் ஏற்றும்போது சுற்றுச்சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை மதியத்தில் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமும், வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியும் அதைச் சுலபமாகத் தாண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்து, விளையாடிவிட்டு வரும் பையனுக்குச் சோறு போடும் முன் மூச்சு வாங்க விடுவதுபோல, செல் ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள்.

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லையா? 3.7, 3.8 வோல்ட்டில் நிறுத்தி, டார்ச்சிலிருந்து கழற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். முழு சார்ஜோடு சூடான அலமாரியில் கிடந்தால் சும்மா இருந்தே கெட்டுவிடும்.

இரண்டு செல் போடும் டார்ச் என்றால் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒரே கொள்ளளவு. பழசும் புதுசும் சேர்ந்தால் பலவீனமானது முதலில் அடியோடு தீர்ந்துபோகும்.

எப்போது கழிக்க வேண்டும்?

முழு சார்ஜ் செய்து சும்மா வைத்த செல் ஓரிரு நாளில் 4 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும்; அந்த லாரியில் ஆள் இருக்கிறார்.